மாரியில் விழுந்த தவணையும் மார்ச் 31 கணக்கும்: திருகோணமலைக் கிளையொன்றின் ஓட்டோ லீசிங்

## எதைப் பற்றியது

ஒரு லீசிங் கம்பனியின் திருகோணமலைக் கிளையில் 2024 பெப்ரவரி தொடங்கி 2025 செப்டெம்பர் வரை நடந்ததை எழுதுகிறேன். கம்பனியின் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் இல்லை. அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், நடந்த வரிசையை மாற்றவில்லை. நான் அப்போது கொழும்புத் தலைமையலுவலகத்தில் நிதிப் பிரிவில் இருந்தேன், எதிர்பார்க்கப்படும் கடன் நட்டத்தைக் கணிக்கும் வேலை என்னுடையது. திருகோணமலை சொந்த ஊர் என்பதால் ஆண்டு முடிவுக்கு முன் அந்தக் கிளையின் கோப்புகளைப் போய்ப் பார்த்து வரும்படி என்னைத்தான் அனுப்பினார்கள்.

லீசிங், மைக்ரோ ஃபினான்ஸ், கூட்டுறவுச் சங்கம் என்று எங்கே கணக்கு வேலை செய்பவருக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன். இதில் பணத்தை எடுத்து ஓடியவர் எவரும் இல்லை. தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்வதாக நம்பிய ஆட்கள் சேர்ந்துதான் ஒரு பெரிய நட்டத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கியிருந்தார்கள். அந்த ஆட்களில் நானும் ஒருவன்.

## பின்னணி

கிளையில் ஓடிக்கொண்டிருந்த ஓட்டோ ஒப்பந்தங்கள் 371. எடுத்தவர்கள் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சுற்றுலாப் பயணிகளை ஏற்றுகிறவர்கள், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கம் வயலோடும் கடலோடும் சேர்த்து ஓட்டோவும் ஓட்டுகிறவர்கள், அப்புறம் நகரத்துக்குள் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர்கள். பெரும்பாலானோருக்கு வங்கி கடன் கொடுக்காது. ஒன்றில் கிரிப் எனப்படும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் பழைய கடன் அடிபட்டிருக்கும், இல்லாவிட்டால் அவர்களைப் பற்றி கிரிப்பில் எதுவுமே இருக்காது. அமெரிக்காவில் கடன் மதிப்பெண் ஏறத்தாழ 600க்குக் கீழே இருப்பவருக்குக் கொடுக்கும் வாகனக் கடனை சப்பிரைம் என்பார்கள். நம்மிடம் அந்தச் சொல் புழக்கத்தில் இல்லை, ஆனால் ஆளும் தொழிலும் வட்டியும் அதே மாதிரிதான். கிளையின் வட்டி ஆண்டுக்கு 24 வீதத்தை ஒட்டி இருந்தது.

கணக்கு முறையையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 2018 ஜனவரி 1இல் இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 9 நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இருந்த கணக்கீட்டு நியமம் 39இன்படி நட்டம் நடந்துவிட்டதற்கு ஆதாரம் இருந்தால்தான் அதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கீடு செய்யலாம். புதிய நியமம், கடன் கொடுத்த நாளிலேயே வரப்போகும் நட்டத்தைக் கணிக்கச் சொல்கிறது. ஒழுங்காக ஓடும் கடன் ஸ்டேஜ் 1, அதற்கு அடுத்த 12 மாதத்துக்குள் நடக்கக்கூடிய தவறுதலால், அதாவது கடன் கட்டப்படாமல் போவதால், வரும் நட்டம். கொடுத்தபோது இருந்ததைவிட ஆபத்து கணிசமாகக் கூடிவிட்டால் ஸ்டேஜ் 2, கடன் முடியும் வரைக்குமான நட்டம். உண்மையிலேயே பழுதான கடன் ஸ்டேஜ் 3. தவணை 30 நாள் பிந்தினால் ஆபத்து கூடிவிட்டது என்றும் 90 நாள் பிந்தினால் கடன் தவறிவிட்டது என்றும் நியமம் ஓர் ஊகத்தை வைத்திருக்கிறது. ஆதாரம் காட்டினால் அந்த ஊகத்தை மறுக்கலாம்.

அமெரிக்க முறையில் இந்தப் படிகள் இல்லை. 2016இல் வந்த அவர்களுடைய நியமத்தின்படி முதல் நாளே ஆயுள் முழுவதுக்குமான நட்டத்தைப் போட்டுவிட வேண்டும். நம் முறையில் ஒரு கடன் எந்த ஸ்டேஜில் நிற்கிறது என்பதே முக்கால் பங்கு முடிவைச் சொல்லிவிடும், அதனால் அந்த ஸ்டேஜை எதை வைத்துத் தீர்மானிக்கிறோம் என்பதில் பிழை விட்டால் மிச்சக் கணக்கு எவ்வளவு நுட்பமாக இருந்தும் பயனில்லை.

நட்டத்தைக் கணிக்க நாங்கள் வைத்திருந்த கணக்கு மாதிரி அதைத் தீர்மானித்தது நிலுவை நாள் எண்ணிக்கையை, அதாவது தவணை எத்தனை நாள் பிந்தியிருக்கிறது என்பதை, வைத்து.

## முதலில் கண்ணில் பட்டது

திருகோணமலை ஓட்டோக்களுக்கு மாதிரி கொடுத்த தவறும் வாய்ப்பு, அதாவது பீடி, 9 வீதம். தவறினால் இழக்கும் பங்கு, அதாவது எல்ஜீடி, 12 வீதம். சராசரி நிலுவைத் தொகை 8 இலட்சம் ரூபா. பெருக்கிப் பார்த்தால் ஓர் ஒப்பந்தத்துக்கு 8,640 ரூபா ஒதுக்கீடு. 2022இன் எரிபொருள் நெருக்கடியைக் கடந்து வந்த ஊரில் இது எப்படி என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது ஓட்டோவுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 5 லீற்றர் பெற்றோல். 5 லீற்றரை வைத்துக்கொண்டு நிலாவெளிக்கு எத்தனை தரம் போய் வரலாம்? இருந்தும் எங்கள் அறிக்கையில் இந்தக் கிளை நல்ல கிளைகளில் ஒன்றாக நின்றது.

கிளையில் இரண்டாம் நாள் ஒரு கோப்பைப் பார்த்தேன். டிசம்பர், ஜனவரி தவணைகள் கட்டப்படவில்லை. பெப்ரவரி 27இல் நிலுவை முழுவதும் ஒரே நாளில் தீர்ந்திருக்கிறது, ஒப்பந்தமே முடிந்திருக்கிறது, 'முழுமையாகத் தீர்க்கப்பட்டது' என்று முத்திரை. இரண்டு மாதம் கட்ட முடியாதவர் மொத்தக் கடனையும் எப்படி ஒரே நாளில் அடைத்தார் என்று அறவீட்டு அலுவலரைக் கேட்டேன். அவர் அடுத்த கோப்பை எடுத்துத் தந்தார். அதே ஆள், அதே வண்டி, அதே தேதி, புதிய ஒப்பந்தம். பழைய நிலுவை, தாமத வட்டி, ஆவணச் செலவு எல்லாம் புதிய முதலுக்குள் போயிருந்தன. நிலுவை நாள் பூச்சியம்.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்றதிலிருந்து பழைய ஓட்டோவின் விலை ஏறிக்கொண்டே போனது. புதிதாக வாங்கிய விலையைவிட ஓடித் தேய்ந்த வண்டி கூடப் போன காலம் அது. அதனால் மதிப்பீட்டாளர் போடும் தொகை ஒவ்வொரு வருடமும் உயர்ந்தது, உயர்ந்த மதிப்புக்குள் பழைய நிலுவை வசதியாக அடங்கிவிட்டது. காகிதத்தில் பார்த்தால் பிழையே இல்லை. பிணையாகப் போதிய பெறுமதியில் ஒரு வண்டி, தவணை பிந்தாத ஒரு வாடிக்கையாளர்.

## செசி இலக்கத்தால் தேடியது

எங்கள் மாதிரி ஒப்பந்த இலக்கத்தால் தரவை எடுக்கும். பழைய இலக்கம் மூடப்பட்டால் அந்த ஆள் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவர் என்று பதிவாகும், புதிய இலக்கம் புது வாடிக்கையாளராக நுழையும். ஆக, கட்ட முடியாமல் போன ஒருவர் எங்கள் கணக்கில் இரண்டு தரம் நல்லவராக எண்ணப்பட்டார். கிரிப்புக்கும் பழைய கடன் தீர்ந்ததாகவே தகவல் போயிருந்தது, அதைப் பார்த்து இன்னொரு கம்பனி அவருக்கு ஃபிரிட்ஜோ ஃபோனோ கடனுக்குக் கொடுத்திருக்கவும் கூடும்.

அன்றிரவு தங்கியிருந்த அறையில் உட்கார்ந்து, ஒப்பந்த இலக்கத்தை விட்டுவிட்டு வண்டியின் சட்டகத்தில் பொறித்திருக்கும் செசி இலக்கத்தை வைத்துப் பொருத்திப் பார்த்தேன். 371இல் 94 வண்டிகளுக்கு முன்பும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. 17 வண்டிகளுக்கு அது மூன்றாவது ஒப்பந்தம்.

94ஐயும் ஒரே கூடைக்குள் போடக்கூடாது. தவணையை ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தவர், வீட்டுக்குக் கூரை போடவோ மகளின் படிப்புக்கோ வண்டியின் மேல் மேலும் பணம் கேட்டு எடுத்திருந்தால் அது சாதாரண வியாபாரம். அதனால் ஒவ்வொரு கோப்பிலும் கொடுப்பனவுச் சீட்டைத் தேடினேன். வாடிக்கையாளரின் கையில் காசு போயிருக்கிறதா, இல்லையா? 23 பேர் காசு வாங்கியிருந்தார்கள், நிலுவையும் இருக்கவில்லை. மிச்சம் 71 பேரின் கையில் ஒரு ரூபாவும் போகவில்லை, புதிய கடன் பழைய நிலுவையை விழுங்கியிருந்தது. அந்த 71இல் 58 ஒப்பந்தங்கள் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் எழுதப்பட்டவை.

ஏன் பெப்ரவரி, மார்ச்? கம்பனியின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஆனால் அது பாதிக் காரணம்தான். மற்றப் பாதி ஊரிலேயே இருந்தது, அதை நான் பிறந்ததிலிருந்து அறிவேன், அறிந்திருந்தும் மாதிரிக்குள் கொண்டு வரவில்லை.

## வாடையும் சோளகமும்

திருகோணமலையின் பருவம் கொழும்புக்கு நேரெதிர். தெற்கிலும் மேற்கிலும் கடற்கரைகள் நிரம்பி வழியும் டிசம்பரில் இங்கே வாடைக்காற்றும் மழையும். கடல் கொந்தளிக்கும், புறாமலைத் தீவுக்குப் படகு போகாது, நிலாவெளி விடுதிகள் பாதி மூடிக் கிடக்கும். கரையில் சின்ன வள்ளம் வைத்திருப்பவருக்கும் அதே நிலை. சித்திரை கழிந்து தென்மேல் காற்றான சோளகம் வீசத் தொடங்கிய பிறகு செப்டெம்பர் வரைக்கும்தான் உப்புவெளி ஓட்டோக்காரருக்கு உழைப்பு. தம்பலகாமம், கிண்ணியாப் பக்கத்துக்காரருக்குப் பெரும்போக நெல் பெப்ரவரி, மார்ச்சில் வெட்டி விற்றால்தான் கையில் காசு.

இப்போது கணக்கைப் பாருங்கள். டிசம்பரில் தவறிய தவணை மார்ச் 31இல் 90 நாளைத் தாண்டியிருக்கும். வருடத்திலேயே அந்த ஆள் மிகவும் வரண்டு நிற்கும் நாளில் போய் அவரை நாங்கள் அளக்கிறோம். இன்னும் ஆறேழு கிழமை பொறுத்தால் அவரே கொண்டுவந்து கட்டுவார், ஆனால் அறிக்கை பொறுக்காது.

கிளை முகாமையாளர் இதை மறைக்கவில்லை. கேட்டதும் சொன்னார்: "தம்பி, மார்ச் 31க்கு 90 நாளுக்கு மேல எத்தனை எண்டுதான் கொழும்பில கேப்பினம். மே மாதத்தில எத்தனை பேர் கொண்டுவந்து கட்டினவை எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை."

உப்புவெளியில் ஓட்டோ தரிப்பிடத்தில் ஓர் அண்ணையைச் சந்தித்தேன். 17 பேரில் ஒருவர். 2018இல் ஓடிய வண்டி ஒன்றை 4 இலட்சம் லீசிங்கில் எடுத்தவர், 48 மாதம், 2022இல் முடிந்திருக்க வேண்டியது. முதலாவது பருவம் தொடங்கும் முன்பே 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பு. பிறகு இரண்டு வருடம் கொரோனா. பிறகு பெற்றோல் வரிசை. சலுகைக் காலத்தில் தவணை நின்றாலும் வட்டி நிற்கவில்லை. 2021 மார்ச்சில் 5 இலட்சத்து 10 ஆயிரத்துக்குப் புதிதாக எழுதினார்கள், 2023 மார்ச்சில் 6 இலட்சத்து 90 ஆயிரத்துக்கு. நான் போனபோது 7 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு அடுத்தது தயாராகிக்கொண்டிருந்தது.

"வாடை தொடங்கினா மூண்டு மாசம் ரோட்டில ஆள் இல்லை தம்பி. சித்திரைக்குப் பிறகு வாங்கோ, நிண்ட தவணை எல்லாத்தையும் சேத்துத் தாறன் எண்டுதான் சொன்னனான். அவை கேக்கேல்லை. புதுசா எழுதுவம் எண்டு தாளை நீட்டிச்சினம், நான் வச்சுக் குடுத்தன்."

பொறுத்திருந்தால் கட்டக்கூடிய ஒருவரை, எங்கள் அறிக்கைத் தேதிக்காக, கட்ட முடியாதவராக ஆக்கியிருக்கிறோம். இரண்டு தவணை பிந்தியது பருவத்தால் வந்த சிக்கல். அதை முதலோடு சேர்த்து 24 வீத வட்டியில் திரும்ப எழுதியதும் மாதத் தவணை ஏறிற்று, அடுத்த மாரியில் இன்னும் கூடத் தவறிற்று, மூன்றாவது மாரியில் நட்டம் உண்மையாகவே வந்துவிட்டது. முதலில் பொய்யாகத் தெரிந்த ஆபத்தை மறைக்கப் போய் உண்மையான ஆபத்தை உண்டாக்கினோம். அதையும் நல்ல கடன் என்று நான்தான் ஸ்டேஜ் 1இல் போட்டு 8,640 ரூபா ஒதுக்கினேன். அந்தத் தரிப்பிடத்தில் நின்றபோது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

தலைமையலுவலகத்துக்குத் திரும்பி நிதிப் பணிப்பாளர், அறவீட்டுப் பிரிவுத் தலைவர், கணக்காய்வாளர் மூவரோடும் மூன்று கிழமை இழுபட்டது.

முதல் கேள்வி, அந்த 71 எந்த ஸ்டேஜ்? அறவீட்டுப் பிரிவு, ஒப்பந்தம் புதியது, நிலுவை இல்லை, ஆகவே ஸ்டேஜ் 1 என்றது. நியமம் அப்படி விடாது. கடன் வாங்கியவரின் பணக்கஷ்டம் காரணமாக, வேறு நிலைமையில் கொடுக்காத சலுகையைக் கொடுத்திருந்தால், அதுவே கடன் பழுதானதற்கு ஓர் ஆதாரம் என்று நியமம் 9இன் வரைவிலக்கணத்தில் இருக்கிறது. பழைய கடன் நீங்காமல் நிபந்தனை மட்டும் மாறியதாகப் பார்த்தால், இன்றைய ஆபத்தை முதன்முதலில் கொடுத்தபோது இருந்த ஆபத்தோடு ஒப்பிட வேண்டும். அந்த அண்ணையின் விஷயத்தில் ஒப்பிட வேண்டியது 2018ஓடு, 2023ஓடு இல்லை. பழையது நீங்கிப் புதியது பிறந்ததாகப் பார்த்தாலும், பிறக்கும்போதே பழுதான கடனாக அது பிறந்திருக்கலாம். எந்த வழியால் போனாலும் ஸ்டேஜ் 1 கிடைக்காது.

மீண்டவர் என்று ஒருவரை எப்போது சொல்லலாம் என்பதற்கு நியமம் மாதக் கணக்குத் தரவில்லை, தொடர்ந்து நன்றாகக் கட்டிக் காட்ட வேண்டும் என்கிறது. திருகோணமலைக்கு அது குறைந்தது ஒரு முழு மாரியைத் தாண்டியதாக இருக்க வேண்டும் என்று நான் கேட்டேன். மே முதல் ஓகஸ்ட் வரை ஒழுங்காகக் கட்டினார் என்பது உப்புவெளியில் எதற்கும் சாட்சி ஆகாது. இதை ஏற்றார்கள், 12 மாதம் என்று வைத்தோம். 19 பேர் அந்தச் சோதனையில் தேறி ஸ்டேஜ் 2க்குப் போனார்கள். 52 பேர் ஸ்டேஜ் 3.

அடுத்தது பீடி. நிலுவையை விழுங்கிய மீள்குத்தகைகளை, அதாவது அதே வண்டிக்குத் திரும்ப எழுதிய ஒப்பந்தங்களை, கடன் தவறியதாக எண்ணிப் பழைய வருடங்களைத் திரும்பக் கணித்தபோது 9 வீதம் 22 ஆயிற்று. சலுகைக் காலங்களில் நாள் எண்ணிக்கை உறைந்து நின்றதும் பழைய எண்ணைக் கீழே இழுத்திருந்தது. சலுகை கொடுத்ததாலேயே ஒரு கடனை ஸ்டேஜ் 2க்குத் தள்ளத் தேவையில்லை, நியமத்தை இயந்திரம்போல் பிரயோகிக்க வேண்டாம் என்று சர்வதேசக் கணக்கீட்டு நியமச் சபை 2020 மார்ச் 27இல் சொல்லியிருந்தது உண்மை. நாங்கள் அதில் பாதியைத்தான் கேட்டோம். தள்ளத் தேவையில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு, வேறு வழிகளில் ஆபத்தை ஆராய வேண்டும் என்பதை விட்டுவிட்டோம்.

எல்ஜீடியில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பலர் இந்த இடத்தில் வண்டியின் மதிப்பைப் பார்த்துவிட்டு நட்டமே வராது என்று எழுதிவிடுகிறார்கள். நிலுவை 8 இலட்சம், மதிப்பீட்டுச் சீட்டில் 10 இலட்சம். சரி, வண்டியைத் தூக்குகிறோம். தூக்கப்படும் வண்டி மதிப்பிட்ட வண்டியாக இருக்காது, கட்ட முடியாதவர் சேர்விஸும் செய்திருக்க மாட்டார், டயரும் மாற்றியிருக்க மாட்டார். ஏலத்தில் 7 இலட்சம் வந்தது என்று வையுங்கள். தூக்கிய கூலி, யார்ட் வாடகை, திருத்தம், விற்பனைச் செலவு 60 ஆயிரம். மிச்சம் 6 இலட்சத்து 40 ஆயிரம். அதுவும் கைக்கு வர ஐந்து மாதம் ஆகிறது, கடனின் சொந்த வட்டியான 24 வீதத்தில் கழித்தால் இன்றைய பெறுமதி ஏறத்தாழ 5 இலட்சத்து 85 ஆயிரம். நட்டம் 27 வீதம். இது வண்டி அகப்பட்டால். நூற்றுக்குப் பத்து வண்டி அகப்படாது என்று எடுத்தோம், பகுதி பகுதியாகக் கழற்றி விற்கப்பட்டவை, எங்கோ தூர மாவட்டத்துக்குப் போனவை. இரண்டையும் சேர்த்தால் 34 வீதம்.

இதற்குள் இறக்குமதி பற்றிய எதிர்பார்ப்பும் இருந்தது. 12 வீதம் என்ற பழைய எண் முழுக்க முழுக்க இறக்குமதி நின்றிருந்த காலத்து விற்பனை விலைகளில் இருந்து வந்தது. அந்தத் தடை ஒருநாள் நீங்கும். தடை தொடரும், மெதுவாக நீங்கும், உடனே நீங்கும் என்று மூன்று நிலைமைகள் வைத்து நிறை கொடுத்தோம். மேலே சொன்ன 7 இலட்சம் அந்த மூன்றின் நிறையிட்ட சராசரி.

ஆக ஸ்டேஜ் 1இல் நிற்கும் 8 இலட்சம் ரூபா ஒப்பந்தத்துக்கு ஒதுக்கீடு 8,640இலிருந்து 59,840 ஆயிற்று. ஸ்டேஜ் 3க்குப் போன 52 பேருக்கு மட்டும் 1 கோடி 41 இலட்சத்துக்கு மேல். கிளையின் அந்த ஆண்டு இலாபம் அப்படியே போயிற்று. இன்னொன்றையும் பலர் மறக்கிறார்கள்: ஸ்டேஜ் 3 கடனுக்கு வட்டி வருமானத்தை ஒதுக்கீடு கழித்த தொகையின் மேல்தான் காட்டலாம். 8 இலட்சத்துக்கு 1,92,000 என்று காட்டி வந்தது 1,26,720 ஆகக் குறைந்தது.

30 நாள் ஊகத்தைப் பருவக்காரருக்காக மறுக்கலாமா என்று நான் கேட்டேன், மனதார விரும்பினேன். கணக்காய்வாளர் ஆதாரம் கேட்டார். மாரியில் தவறி மே மாதத்தில் கட்டுகிறார்கள் என்று காட்ட எத்தனை ஒழுங்கான பருவங்கள் கையில் இருக்கின்றன? 2019 முதல் 2022 வரை நான்கு பருவமும் குலைந்தவை. நியமம் நடைமுறைக்கு வந்த பிறகு சுத்தமான பருவம் என்று எண்ணினால் 2018, 2023 இரண்டுதான். அவர் சொன்னது சரி, விட்டுக்கொடுத்தேன். குத்தகை வருமதிகளுக்கு ஸ்டேஜ் பார்க்காமல் எப்போதும் ஆயுள் நட்டத்தையே போடும் எளிய முறையைத் தெரிவு செய்யவும் நியமம் இடம் தருகிறது. அதையும் பேசினோம், மூலதன விகிதத்தைக் காட்டிப் பணிப்பாளர் சபை மறுத்துவிட்டது.

ஒரு முடிவில் எனக்கு இன்றும் உடன்பாடில்லை. இந்தத் தொகையை அந்த ஆண்டின் மதிப்பீட்டு மாற்றமாகக் காட்டினார்கள். செசி இலக்கம் முந்தைய வருடங்களிலும் எங்கள் கையில்தான் இருந்தது. இருந்த தகவலைப் பார்க்காமல் விட்டது பிழை, கணக்கீட்டு நியமம் 8இன்படி பழைய ஆண்டைத் திருத்திக் காட்டும் வகைக்குள் வருவது. கம்பனி முழுவதையும் எடுத்துக்கொண்டால் பெரிய தொகை இல்லை என்ற காரணத்தால் அது அப்படிப் போயிற்று. காரணம் செல்லும், ஆனால் என் கை அந்தக் குறிப்பை விருப்பத்தோடு எழுதவில்லை.

## அதன் பிறகு நடந்தது

2024 ஏப்ரலில் காசு கைமாறாத மீள்குத்தகைகளைக் கிளை மட்டத்தில் நிறுத்தினார்கள், தலைமையலுவலகத்தின் கையெழுத்து வேண்டும் என்றாயிற்று. அதோடு முகாமையாளர் ஒரு யோசனை சொன்னார், இதில் நல்ல பங்கு அவருக்கே சேர வேண்டும். பருவத் தவணை. மே முதல் செப்டெம்பர் வரை கூடிய தவணை, நவம்பர் முதல் ஜனவரி வரை வட்டி மட்டும், வயல் செய்பவருக்குப் பெரும்போக அறுவடைக்குப் பிறகு ஒரு பெரிய தவணை. நிலுவை நாள் இந்த அட்டவணையிலிருந்து எண்ணப்படும், ஆகவே மாரியில் ஒருவர் பிந்தினால் அது உண்மையான சிக்கல் என்று நம்பலாம். உப்புவெளி அண்ணையின் மூன்றாவது மீள்குத்தகையைக் கிழித்துப் போட்டுவிட்டு, தாமத வட்டியைத் தள்ளுபடி செய்து, அவரை இந்த அட்டவணைக்குள் கொண்டு வந்தார்கள். ஸ்டேஜ் 3இல் இருந்தபடியேதான்.

2025 பெப்ரவரி, மார்ச்சில் நிலுவையை விழுங்கும் மீள்குத்தகை 6 மட்டும் எழுதப்பட்டது. ஆறுக்கும் காரணம் கோப்பில் இருந்தது.

அதே பெப்ரவரி 1இல் தனியார் வாகன இறக்குமதி திறந்தது. வரி அதிகமாக இருந்ததால் நாங்கள் பயந்த அளவுக்குப் பழைய வண்டிகளின் விலை சரியவில்லை. எங்கள் நிறை பிழையாயிற்று, ஒதுக்கீடு கொஞ்சம் கூடிவிட்டது.

2025 செப்டெம்பர் முடிவில் அந்த 52 பேரின் நிலை: 14 பேர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அண்ணையும் அவர்களில் ஒருவர். 9 பேர் ஒரு தொகை பேசி முடித்துக்கொண்டார்கள், அதில் இழப்பு ஏறத்தாழ 10 வீதம். 21 வண்டிகளைத் தூக்கி விற்றதில் இழப்பு சராசரி 22 வீதம். 8 வண்டிகள் அகப்படவேயில்லை. எல்லாவற்றையும் சேர்த்தால் இதுவரை 26 வீதம், நாங்கள் ஒதுக்கிய 34ஐவிடக் குறைவு. இதை வைத்துக் கணிப்பு நல்லது என்று சொல்ல மாட்டேன். வண்டியின் விலையில் கூடப் பயந்திருக்கிறோம், அகப்படாத வண்டிகளில் குறையப் பயந்திருக்கிறோம், 10 வீதம் என்று எடுத்த இடத்தில் 15 வீதம் வந்திருக்கிறது. இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஓரளவு சமன் செய்தது எங்கள் அதிர்ஷ்டம்.

மற்றக் கிளைகளிலும் செசி இலக்கத்தால் தேடினோம். மாரியும் கடலும் வருமானத்தைத் தீர்மானிக்கும் இடங்களில் இதே உருவம், அளவு குறைவாக.

## திரும்பச் செய்வதென்றால்

செசி இலக்கத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் முதல் நாளிலிருந்தே மாதிரியின் அடித்தளமாக வைத்திருப்பேன். ஒப்பந்த இலக்கம் கம்பனியின் வசதிக்காக உள்ளது, ஆபத்து அதனோடு பயணிப்பதில்லை. மூடப்பட்ட ஒப்பந்தம் ஒவ்வொன்றுக்கும், மூடிய காசு எங்கிருந்து வந்தது என்று ஒரு பத்தி வைத்திருப்பேன். இப்போது வைத்திருக்கிறோம், நிரப்ப ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.

மார்ச் 31 எண்ணை மட்டும் கேட்காமல் ஜூன் 30 எண்ணையும் சேர்த்துக் கேட்டிருப்பேன். முகாமையாளர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் எங்கள் மாதாந்தக் கூட்டத்தில் ஐந்து வருடத்துக்கு முன்பே ஒலித்திருக்க வேண்டியது, ஆனால் கொழும்பில் ஒருவரும் அவரை அப்படிக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஊழியரின் ஊக்கப் பணம் 90 நாள் எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருந்தால் அந்த எண்ணிக்கையைச் சான்றாக எடுக்கும் முன் நூறு தரம் யோசிக்க வேண்டும், ஏனென்றால் அளக்கப்படுபவரே அளவுகோலையும் பிடித்திருக்கிறார். எங்கள் கம்பனியில் அந்த ஊக்கப் பணத்தின் அடிப்படை இன்னும் மாறவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த 17 பேரில் ஒருவருக்காவது, இதையும் சேர்த்து இந்த வண்டிக்கு மொத்தமாக எவ்வளவு கட்டியிருப்பீர்கள் என்று எவரும் எழுதிக் காட்டியிருக்கவில்லை. கோப்புகளில் தேடினேன், இல்லை. 2025 ஜூலையிலிருந்து மீள்குத்தகைப் படிவத்தின் முதல் பக்கத்தில் அந்தத் தொகை தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் இருக்கிறது, வாடிக்கையாளர் முதல் கையெழுத்தை அதன் கீழேதான் வைக்க வேண்டும்.